ரம்பத்தின் மறுமுனை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அப்பலேச்சிய மலைப்பகுதியில் டீப் கேப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1930களின் பிற்பாதியில் அங்கே ஒரு விவசாயி, பதினான்கு வயதை எட்டிய தன் மகனை அழைத்து, இருவர் இரு முனையில் நின்று இழுக்கும் மரம் அறுக்கும் ரம்பத்தின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார். அந்தப் பையனுக்குக் கண் தெரியாது. மழலைப் பருவத்திலேயே கண்ணில் வந்த தொற்று பார்வையைக் கொண்டுபோய்விட்டது. ஆர்தல் லேன் வாட்சன் என்பது அவன் பெயர். டாக் வாட்சன் என்ற பெயரில் கிதார் கலைஞராகவும் பாடகராகவும் பின்னாளில் உலகம் அறிந்தது அவனைத்தான். அப்பா தனக்குச் செய்த நன்மைகளில் தலையாயது அந்த ரம்பத்தின் ஒரு முனையில் தன்னை நிறுத்தியதே என்று வாட்சன் முதுமை வரை சொல்லிவந்தார். கண் தெரியாதவன் என்றால் கையாலாகாதவன் என்று பொருளில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியதாம். பார்வையற்ற இசைக் கலைஞர்களைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் நாம் அனேகமாக இந்த ரம்பத்தை விட்டுவிடுகிறோம். கடவுள் கண்ணை எடுத்துக்கொண்டு காதைக் கொடுத்தார் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அன்போடு சொல்லப்படுவதுதான் இது. ஆனாலும் இது தவறான விளக்கம்; ஒரு மனிதனின் உழைப்பையும், அவனுக்குத் திறந்த கதவுகளையும், திறக்காமல் போன கதவுகளையும் சேர்த்தே மறைத்துவிடும் விளக்கம். வாட்சனின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

1923 மார்ச் 3ஆம் தேதி பிறந்தவர் அவர். வீட்டில் வழிபாட்டுப் பாடல்களும் பழைய மலைநாட்டுப் பாடல்களும் அன்றாடம் ஒலித்தன. பதினோரு வயதில் அப்பாவே பாஞ்சோ என்ற தந்திக் கருவியைச் செய்து கொடுத்தார். வீட்டில் வளர்ந்த கிழட்டுப் பூனை ஒன்றின் தோலை அதில் இழுத்துக் கட்டியிருந்தார். பிறகு 12 டாலருக்கு ஒரு கிதார் வந்தது. அடுத்த கிதாரை வாங்கப் பணம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை ஒரு பூஞ்சை நோய் காடு காடாக அழித்துக்கொண்டிருந்தது. பட்டுப்போன மரங்களைத் தம்பியோடு சேர்ந்து அறுத்துத் தோல் பதனிடும் ஆலைக்கு விற்றார் வாட்சன். அந்தக் காசில்தான் சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலிலிருந்து ஒரு கிதார் வீட்டுக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு பூன், லெனார் ஆகிய ஊர்களின் தெருவோரங்களில் பாடிச் சில்லறை சேர்த்தார். 1947இல் ரோசா லீ கார்ல்டனை மணந்தார்; மாமனார் கெய்த்தர் கார்ல்டன் அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற ஃபிடில் கலைஞர். குழந்தைகள் பிறந்த பின் குடும்பச் செலவுக்குக் கைகொடுத்த தொழில்களில் ஒன்று, வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது. இப்படியே முப்பது வயது வந்துவிட்டது. அதுவரை அவர் பெயரில் ஓர் இசைத்தட்டு கிடையாது.

அவருடைய கலையின் உச்சம் என்று இன்று எல்லோரும் சுட்டுகிற வாசிப்பு முறை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1953 வாக்கில் ஜாக் வில்லியம்ஸ் என்ற பியானோக்காரரின் நடன இசைக்குழுவில் மின்கிதார் வாசிக்கச் சேர்ந்தார் வாட்சன். சதுர நடனம் ஆட வருகிறவர்களுக்கு ஃபிடில் மெட்டுகள்தான் வேண்டும். குழுவிலோ ஃபிடில் வாசிக்க ஆள் இல்லை. ஆகவே, வில்லால் ஓட்டி வாசிக்க வேண்டிய அந்த விரைவான மெட்டுகளை, கையில் பிடித்த பிக் என்ற சிறு மீட்டுத் தகட்டால் சுரம் சுரமாகக் கிதாரில் எடுத்து வாசிக்கும்படி ஆயிற்று. கிதார் என்றால் பாட்டுக்குப் பின்னால் தாளத்தோடு ஒத்து ஊதுவது என்று பழகியிருந்த மலைநாட்டு இசையில் அது முன்வரிசைக்கு வந்தது. அவருக்கு முன்னும் சிலர் இதை முயன்றிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கக் கிதார்காரர்களின் ஒரு தலைமுறை முழுவதும் உட்கார்ந்து நகலெடுத்தது வாட்சனின் வாசிப்பைத்தான். இந்தப் புதுமைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? ஆள் பற்றாக்குறை, ஆட வந்த கூட்டத்தின் விருப்பம், வாரம்தோறும் அதே மெட்டுகளை அதே வேகத்தில் வாசித்தாக வேண்டிய கூலி வேலை ஆகியவைதான் அதன் காரணங்கள். கண் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் இதே தேவை எழுந்திருக்கும். அதற்கு ஈடுகொடுக்கும் கை வாட்சனுக்கு இருந்தது. அந்தக் கையும் பல ஆண்டுப் பழக்கத்தில் வந்தது.

வெளியுலகம் அவரைக் கண்டுகொண்டதும் இதே போலத் தற்செயலாகத்தான். 1920களின் இறுதியில் இசைத்தட்டுகள் வெளியிட்டுப் பிறகு மறக்கப்பட்டிருந்த கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற கலைஞரைத் தேடி, 1960இல் ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற இளம் இசை ஆர்வலர் நகரத்திலிருந்து மலைக்கு வந்தார். ஆஷ்லி தன்னோடு வாசிக்க அழைத்தவர்களில் வாட்சனும் ஒருவர். ரின்ஸ்லர் தேடியது மண்மணம் மாறாத பழைய இசை. வாட்சன் கையில் இருந்ததோ மின்கிதார். அது வேண்டாம் என்றார் வந்தவர். மறுநாள் ஒரு டிரக்கின் பின்தட்டில் போய்க்கொண்டிருந்தபோது வாட்சன் பாஞ்சோவை எடுத்து வாசிக்கவும்தான் ரின்ஸ்லருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க் மேடை, 1963இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழா, 1964இல் வேன்கார்ட் நிறுவனத்தின் வழியே முதல் தனி இசைத்தட்டு என்று எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ரின்ஸ்லர் வருவதற்கு முந்தைய ஆண்டிலும் அதே விரல்கள், அதே காது, அதே குரல்தான். இசையை வைத்துக் குடும்பத்தை நடத்த முடியும் என்று சொல்லி, நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து, வழிச்செலவுக்கும் வழித்துணைக்கும் யோசிக்கிற ஓர் ஆள்தான் புதிதாகச் சேர்ந்தது. அதன் பிறகு அந்த இடத்துக்கு மகன் மெர்ல் வந்தான். 1964இல், பதினைந்து வயதில், அப்பாவோடு மேடையேறினான். அடுத்த இருபது ஆண்டுகள் மெர்ல்தான் வண்டி ஓட்டினார், கணக்குப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கிதார் வாசித்தார். வாட்சனின் வாழ்க்கைத்தொழில் ஒரு தனிமனிதரின் அற்புதம் என்று சொல்கிறவர்கள், அது நடைமுறையில் இருவர் தொழிலாக இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

இனி, கண்ணுக்குப் பதில் காது என்று நம்புகிறவர்கள் முன்வைக்கும் வலுவான கேள்விக்கு வரலாம். அப்படி ஒரு வரம் இல்லையென்றால், அமெரிக்கத் தென்மாநில இசையில் மட்டும் பார்வையற்றவர்கள் ஏன் இத்தனை பேர்? 1924இல் கொலம்பியா நிறுவனத்துக்குப் பாடிய ஜார்ஜியாவின் ரைலி பக்கெட், 1927இல் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒலிப்பதிவில் பங்கேற்ற ஆல்ஃபிரட் ரீட், பாதிரியாராகவும் பாட்டுக் கட்டுகிறவராகவும் இருந்த ஆண்ட்ரூ ஜென்கின்ஸ், ஹாங்க் வில்லியம்ஸ் பாடிப் புகழ்பெற்ற பாடலை எழுதிய டெக்சாஸின் லியோன் பெய்ன் என்று பட்டியல் நீளும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. இவர்கள் வளர்ந்த காலத்தில் பார்வையற்ற ஒருவருக்கு வேறு என்ன வேலை கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். அன்றைய பார்வையற்றோர் பள்ளிகள் துடைப்பம் கட்டுவது, நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது, இசை ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தன. ஆலை எடுத்துக்கொள்ளாது, அலுவலகம் எடுத்துக்கொள்ளாது, பண்ணையிலும் வாட்சனின் அப்பாவைப் போன்ற ஒருவர் இருந்தாலொழிய இடம் கிடைக்காது. ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கும் வீட்டில் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தானே வெளியே வருவார்கள்? அதைப் பார்த்து, இவர்களுக்கு அந்த வாசல்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று முடிவுகட்டுவது நியாயமாகாது.

ரோனி மில்சாப்பின் கதை இதற்கு நல்ல சான்று. அவரும் வட கரோலினா மலைப்பகுதிக்காரர். 1943இல் பிறவிக் கண்நீர் அழுத்த நோயோடு பிறந்தவர். வாட்சன் சிறுவயதில் படித்த அதே ராலே நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் ஐந்து வயதில் சேர்க்கப்பட்டு, அங்கே முறையாக இசை பயின்றார். ஆனால் வளர்ந்தபோது அவர் மனத்தில் இருந்தது வழக்கறிஞர் தொழில்; அதற்காகவே கல்லூரிக்கும் போனார். இசையையே தொழிலாக்கிக்கொள் என்று தூண்டியவர்களில் முக்கியமானவர் பாடகர் ரே சார்ல்ஸ். மெம்ஃபிஸில் எல்விஸ் பிரெஸ்லியின் ஒலிப்பதிவில் பியானோ வாசித்து, நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்து, பில்போர்ட் இதழின் கன்ட்ரி இசை வரிசையில் 35 பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார் மில்சாப். 1977இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதும், 2014இல் கன்ட்ரி இசையின் புகழ்மன்றத்தில் இடமும் கிடைத்தன. இத்தனை பெற்றவருக்கும் இசை முதல் கனவாக இருக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரே பள்ளியில் படித்த இருவரின் இசையிலும் ஒற்றுமை என்று சொல்ல அதிகமில்லை. வாட்சன் முன் முற்றத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் வாசித்தார். மில்சாப்போ சோல் இசையின் சாயலும் பாப் இசையின் மெருகும் கொண்ட பெருநகரக் குரல். இருவரையும் பார்வையற்ற கலைஞர்கள் என்ற ஒரே கூடையில் போட்டால் இசையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவராது.

பார்வையின்மை இந்தக் கலைஞர்களுக்கு விளம்பரமாகவும் உதவியதே, பிறகு ஏன் குறைபட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இசைத்தட்டு நிறுவனங்கள் பெயருக்கு முன்னாலேயே குருடன் என்ற அடைமொழியை அச்சிட்டு விற்றது உண்மைதான். ஆல்ஃபிரட் ரீட்டின் பெயர் இன்றும் அந்த அடைமொழியோடுதான் வழங்குகிறது. அது யாருக்கு என்ன தந்தது? ரீட் 1929இல், ஏழைகள் அந்தக் காலத்தில் பட்ட பாட்டைக் கேள்வியாக்கிப் பாடிய பாடல் இன்றளவும் புதிய கலைஞர்களால் பாடப்படுகிறது. அவரோ தெருவில் பாடித்தான் பிழைத்தார். 1937இல் பார்வையற்ற தெருப்பாடகர்களைத் தடைசெய்யும் உள்ளூர்ச் சட்டம் வந்தபோது அந்தப் பிழைப்பும் நின்றது. இசைத்தட்டு உறையில் சரக்காக விலைபோன அதே குறை, தெருவில் குற்றமாகிவிட்டது. ஜென்கின்ஸ் 1925இல், குகைக்குள் சிக்கி இறந்த ஃப்ளாய்ட் காலின்ஸைப் பற்றிக் கட்டிய பாட்டு நாடெங்கும் விற்றுத் தீர்ந்தது. பாட்டைக் கட்டியவருக்குக் கிடைத்த விலை 25 டாலர். கறுப்பினக் கலைஞர்களின் நிலை இதைவிடக் கடினம். அலபாமாவின் தலடேகாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியே ஒதுக்கிய பார்வையற்றோர் பள்ளியில் 1939இல் ஒன்றுசேர்ந்த பையன்கள் தங்கள் குழுவுக்கு ஹேப்பி லேண்ட் ஜூபிலி சிங்கர்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1948இல் நியூஜெர்சியில் ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் மிசிசிப்பியின் பார்வையற்ற குழு ஒன்றோடு இவர்களை மேடையேற்றி, குருட்டுப் பையன்களின் போட்டி என்று விளம்பரம் செய்தார். அந்த விளம்பரப் பெயரே நிலைத்து அவர்கள் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா ஆனார்கள். தாங்களே சூட்டிக்கொண்ட பெயரில் மகிழ்ச்சி இருந்தது. ஊர் வைத்த பெயரில் குறை இருந்தது. அவர்களின் முதல் கிராமி விருது 2002இல்தான் வந்தது.

அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்பது நேர்மையான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2004இல் மொன்றியால் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், பிறவியிலோ மழலைப் பருவத்திலோ பார்வை இழந்தவர்கள் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மற்றவர்களைவிட நுட்பமாகப் பிரித்தறிந்தார்கள். பார்வையற்ற இசைக் கலைஞர்களிடையே, எந்தத் துணையும் இன்றிச் சுரத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காணும் திறன் கூடுதலாக இருப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. பார்வைக்கு ஒதுக்கப்பட்ட மூளைப்பகுதி ஒலியைக் கையாளவும் பழகிக்கொள்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் சுருதியைப் பிரித்தறியும் நுட்பம் இசையின் மூலப்பொருள்களில் ஒன்று மட்டுமே. அது ஃபிடில் மெட்டைக் கிதாருக்கு மாற்றித் தராது; நூற்றுக்கணக்கான பாடல்களை நினைவில் நிறுத்தி, எந்தக் கூட்டத்துக்கு எதைப் பாடுவது என்று சொல்லித் தராது; மேடைக்குப் பேருந்தில் ஏற்றிவிடாது. தவிர, அந்த மூளை மாற்றமும்கூடப் பழக்கத்தாலும் பயன்பாட்டாலும் ஊறி வருவது. காதை நம்பி வாழ வேண்டியவன் இரவும் பகலும் காதைத் தீட்டுகிறான். அதற்கு உழைப்பு என்று பெயர் வைப்பதே பொருத்தம்.

நம்பிக்கையாளர்களின் மறுப்புதான் எல்லாவற்றிலும் மென்மையாகக் கையாள வேண்டியது. இந்தக் கலைஞர்கள் காஸ்பல் என்ற கிறிஸ்தவப் பக்திப் பாடல்களைப் பாடியவர்கள். தங்கள் திறமையைக் கடவுளின் கொடை என்று அவர்களே சொல்லியிருக்கும்போது, அதை மறுக்க நாம் யார் என்று கேட்கலாம். ஒரு கலைஞர் தன்னிடம் இருப்பதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வது ஒன்று. கேட்கிறவர்கள் அவருடைய இழப்புக்கும் திறமைக்கும் கொடுக்கல் வாங்கல் கணக்கு எழுதுவது வேறொன்று. முன்னதை மதிக்கிறேன், பின்னதை ஏற்கவில்லை. காரணம், அந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தன் பார்வையின்மையைத் தாய் கடவுளின் தண்டனையாகக் கருதியதாக மில்சாப் சொல்லியிருக்கிறார். அவரை வளர்த்தது தாத்தாவும் பாட்டியும். இழப்புக்கு ஈடாகக் கடவுள் திறமை தந்தார் என்று கணக்குப் போடும் வழக்கம்தான், இழப்பே கடவுள் தந்த தண்டனை என்று சொல்லவும் இடம் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ வழிபாட்டுப் பாடல்களை எழுதிய ஃபேனி கிராஸ்பி பச்சிளம் பருவத்திலேயே பார்வை இழந்தவர். அவருடைய பாடல்களின் மொழிபெயர்ப்பை இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் பாடுகிறார்கள். பாடுகிறவர்களில் பலர் அவருக்குக் கண் தெரியாது என்பதை அறியாமலே பாடுகிறார்கள். பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. வாட்சனும் தன் நம்பிக்கையை அப்படித்தான் பாட்டிலேயே வைத்தார். 1990இல் முழுக்கப் பக்திப் பாடல்களாலான தொகுப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது. சிறுவயதில் வீட்டில் கேட்ட பாடல்களை அதே எளிமையோடு, அழுகையோ ஆரவாரமோ இல்லாமல் பாடியிருக்கிறார். அந்தத் தொகுப்பைக் கேட்பவர் ஒருவரும் பரிதாபத்துக்காகக் கேட்க மாட்டார்.

அந்தத் தொகுப்புக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1985 அக்டோபரில், டிராக்டர் கவிழ்ந்து மெர்ல் இறந்துபோயிருந்தார். மகனும் வழித்துணையும் இரண்டாவது கிதாரும் ஒரே நாளில் போயின. இசையை விட்டுவிடலாம் என்ற நிலைக்கே வந்தார் வாட்சன். பிறகு வேறு துணைக் கலைஞர்களோடு பயணம் தொடர்ந்தது. 1988இல் வில்க்ஸ்போரோ கல்லூரி வளாகத்தில் மெர்லின் நினைவாகத் தொடங்கிய மெர்ல்ஃபெஸ்ட் இசைவிழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த விழாவின் தொடக்க நோக்கம் ஒரு தோட்டம் போடுவதற்குப் பணம் திரட்டுவது. பார்வையற்றவர்களும் தொட்டும் முகர்ந்தும் அனுபவிக்கக் கூடிய தோட்டம். 1997இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம், 2004இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி என்று பெருமைகள் வந்தன. 2011இல் பூன் நகரம், ஒரு காலத்தில் அவர் சில்லறைக்குப் பாடிய அதே வீதியில், பெஞ்சில் உட்கார்ந்து கிதார் வாசிக்கும் கோலத்தில் அவருக்குச் சிலை வைத்தது. மக்களில் ஒருவன் என்று மட்டும் அதில் எழுதுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அப்படியே எழுதினார்கள். மறு ஆண்டு மே 29ஆம் தேதி, 89ஆம் வயதில் இறந்தார்.

அவர் கேட்டதைவிடப் பெரிதாக எதையும் நானும் கேட்கவில்லை. மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்து ஒரு பார்வையற்ற கலைஞரை அறிமுகம் செய்கிறவர்களும், தொலைக்காட்சிப் போட்டிகளில் அவர் பாடி முடிக்கும் முன்பே சோக இசையை ஓட விடுகிறவர்களும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: அவர் யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டு உழைத்தார், எந்தக் கருவியில் எந்த வழிமுறையைச் சேர்ந்தவர் என்று சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள்.